சால்டர் பிடிக்கவில்லையா? இணைப்பைப் பார்த்தே குறையைக் கண்டுபிடிக்கலாம்

வெள்ளீயக் கலவைக் கம்பியை உருக்கி உலோகங்களை இணைக்கும் சால்டரிங் ஒழுங்காக வரவில்லை என்றால் பலரும் முதலில் திட்டுவது கம்பியை உருக்கும் அயர்னை. அடுத்து, தன் கையை. மேசை ஓரத்தில் கிடக்கும் கம்பிச் சுருளை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் அந்தக் கம்பியில் என்ன கலவை இருக்கிறது, பிடிக்க வேண்டிய உலோகம் எது, இரண்டும் ஒத்துப்போகுமா என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் கீழே வரும் குறைகளில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும். அயர்னை மாற்றுவது கடைசி வேலை.

முதலில் சுருளில் உள்ள எண்ணைப் படியுங்கள்

கடையில் ‘லெட்’ என்று கேட்டு வாங்கினாலும், நல்ல எலக்ட்ரானிக்ஸ் கம்பியில் வெள்ளீயம்தான் அதிகம், காரீயம் குறைவு. 60/40 என்று எழுதியிருந்தால் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்.

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். காரீயம் 327 டிகிரியில். இரண்டையும் கலந்தால் நடுவில் எங்கோ உருகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது வேறு. கலவை இரண்டையும்விடக் கீழே இறங்கி, 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கிறது. வெள்ளீயம் ஏறக்குறைய 62 சதவீதம் இருக்கும்போது திடத்திலிருந்து திரவத்துக்கு ஒரே தாவலாகத் தாவும். 63/37 என்று விற்பது இதைத்தான். மற்ற விகிதங்களில் 183ல் இளகத் தொடங்கினாலும் முழுதாக உருக இன்னும் சூடு வேண்டும். 60/40க்கு 190 வரை, 50/50க்கு 215 வரை, 40/60க்கு 238 வரை. இந்த இடைவெளி முழுக்கக் கலவை கூழாகத்தான் நிற்கும்.

காரீயம் இல்லாத கம்பி தனி ஜாதி. 96.5% வெள்ளீயம், 3% வெள்ளி, 0.5% செம்பு கலந்தது 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். வெள்ளி இல்லாத மலிவு வகை, அதாவது 99.3% வெள்ளீயமும் 0.7% செம்பும், 227 டிகிரி.

இணைப்பு மங்கலாக, சொரசொரப்பாக இருக்கிறது

63/37 அல்லது 60/40 கம்பியில் போட்ட இணைப்பு பளபளவென்று, ஓரங்கள் சரிந்து, பாகத்தின் உலோகக் காலைச் சுற்றி ஏறியிருக்க வேண்டும். மங்கி, மேற்பரப்பு நெருடினால் பெரும்பாலும் அது ஆறும் நேரத்தில் அசைந்திருக்கிறது. கூழ் நிலையில் இருக்கும்போது கால் ஆடினால் உள்ளே நுண்ணிய விரிசல்கள் விழும். 60/40க்கு அந்த ஆபத்தான நேரம் ஒரு கண்சிமிட்டல்தான். 40/60 என்றால் 55 டிகிரி இறங்கும்வரை வயரை ஆடாமல் பிடித்திருக்க வேண்டும். யாராலும் முடியாது. அதனால்தான் சுருளின் எண் முக்கியம் என்கிறேன்.

எண் சரியாக இருந்தும் சந்தேகம் வந்தால் இப்படிப் பாருங்கள். பட்டாணி அளவு கம்பியை உருக்கி ஒரு டைல்ஸ் துண்டின்மேல் சொட்டவிட்டு, வெளிச்சத்தில் சாய்த்து உற்றுக் கவனியுங்கள். 63/37 சொட்டு பளபளத்துக்கொண்டே இருந்து சட்டென்று உறையும். வெள்ளீயம் குறைந்த சொட்டில் ஓரத்திலிருந்து ஒரு மங்கல் மெதுவாக உள்நோக்கிப் படரும். அந்த நேரத்தில் தையல் ஊசியால் தள்ளினால் சொட்டு குழைந்து நகரும். ஊசி போன தடம் அப்படியே நிற்கும். 60/40 என்று அச்சடித்த சுருளில் இப்படித் தடம் நின்றால், அது 60/40 இல்லை.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு இருந்தால் போதும். கம்பியை உருக்கி, கம்பிக்குள் இருக்கும் ஃப்ளக்ஸின் (உலோகத்தின் ஆக்சைடை நீக்கும் பொருள்) கசடை நீக்கி, ஓட்டை இல்லாத ஒரு கட்டியாக்குங்கள். எடை போடுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, கட்டியை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அடியைத் தொடக் கூடாது, பக்கத்தையும் தொடக் கூடாது. இப்போது தராசு காட்டும் கிராம்தான் கட்டியின் கன அளவு, கன சென்டிமீட்டரில். எடையை இதால் வகுத்தால் அடர்த்தி. 60/40க்கு 8.5 வர வேண்டும். 50/50க்கு 8.9, 40/60க்கு 9.3. காரீயம் ஏற ஏற எண்ணும் ஏறும். 17 கிராம் கட்டி 60/40 என்றால் சரியாக 2 கிராம் காட்டும். 40/60 என்றால் 1.83. வெள்ளீயம் காரீயத்தைவிடப் பல மடங்கு விலை என்பதால் எங்கே கைவைப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு விதிவிலக்கு. காரீயமில்லாத இணைப்பு இயல்பிலேயே கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘சரியாகப் பிடிக்கவில்லை’ என்று திரும்பத் திரும்பச் சூடாக்கி, போர்டில் கால் ஒட்டும் செம்புப் பரப்பான பேடைத் தூக்கிவிடுபவர்கள் உண்டு. அங்கே பளபளப்பைப் பார்க்காதீர்கள். ஓரம் சரிந்து படிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

உருண்டு ஓடுகிறது, ஒட்டமாட்டேன் என்கிறது

தாமரை இலைத் தண்ணீர் போல் உருண்டு நின்றால், உலோகத்துக்கும் சால்டருக்கும் நடுவில் ஏதோ படலம் இருக்கிறது. சால்டர் வெறும் பசை இல்லை. உருகிய வெள்ளீயம் செம்போடு வினைபுரிந்து, நடுவில் மிக மெல்லிய ஒரு புதுக் கலவை அடுக்கை உண்டாக்கினால்தான் பிடிப்பு. காரீயம் அந்த வினையில் கலந்துகொள்வதில்லை. உருகுநிலையையும் செலவையும் குறைப்பதும் மென்மை தருவதும்தான் அதன் வேலை. ஆக்சைடு, எண்ணெய், வார்னிஷ் எதுவானாலும் வெள்ளீயத்தைச் செம்பிடம் போகவிடாது.

கறுத்த காலைப் பிளேடால் சுரண்டி, முதலில் அதன்மேல் மட்டும் சால்டர் பூசுங்கள். எனாமல் வயர் என்றால் எனாமல் முழுதாகப் போயிருக்கிறதா பாருங்கள். கம்பிக்குள் இருக்கும் ஃப்ளக்ஸ் பைன் மரப் பிசின். சூட்டில்தான் அது வேலை செய்யும், கருகிவிட்டால் செய்யாது. கம்பியை அயர்னின் நுனியான பிட்டில் உருக்கி அப்படியே எடுத்துவந்து தடவுகிறவர்களுக்கு ஒட்டாததன் காரணம் இதுதான்: இடத்துக்கு வருவதற்குள் பிசின் புகையாகிவிடுகிறது. பிட்டால் பேடையும் காலையும் சேர்த்துச் சூடாக்கி, கம்பியை எதிர்ப்பக்கத்திலிருந்து தொட்டுக் கொடுங்கள்.

அலுமினியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஹீட்டர் கம்பியான நைக்ரோம் ஆகியவற்றில் பிசின் ஃப்ளக்ஸ் எவ்வளவு கொட்டினாலும் பிடிக்காது. அவற்றின் ஆக்சைடு அவ்வளவு பிடிவாதம். அதற்கென்று தனி ஃப்ளக்ஸ் உண்டு. முடிந்தால் ஸ்க்ரூவோ கிரிம்ப்போ போடுவது மேல். தகரக் கடையில் பயன்படுத்தும், துத்தநாகம் போட்டு முறித்த ஆசிட் இரும்புத் தகட்டுக்கும் பித்தளைக்கும் அருமையாக வேலை செய்யும். அதை எலக்ட்ரானிக்ஸ் போர்டில் தொட்டுவிடாதீர்கள். அன்றைக்கு அழகாகப் பிடிக்கும். மழைக்காலம் வந்ததும் போர்டின் செம்புத் தடம் (ட்ராக்) பச்சை பூத்து அறுந்துபோகும்.

பிட் கறுத்துவிட்டது, சால்டரே ஏறவில்லை

அரத்தைக் கையில் எடுப்பதற்கு முன் பிட் எந்த வகை என்று பாருங்கள். விலை குறைந்த அயர்னில் வருவது வெறும் செம்புப் பிட். அதை அரத்தால் தேய்த்து, உடனே சால்டர் பூசலாம். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் சால்டரிங் ஸ்டேஷன்களில் வருவது செம்பின்மேல் இரும்பு முலாம் பூசியது. அதில் அரம் பட்டால் முலாம் போய், உள்ளே இருக்கும் செம்பை வெள்ளீயம் தின்றுவிடும். தின்றுவிடும் என்பது உண்மையிலேயே நடப்பதுதான்: உருகிய வெள்ளீயத்தில் செம்பு கரையும். செம்புப் பிட்டின் நுனியில் குழி விழுவது இதனால்தான். அந்தக் கரைதலைக் குறைக்கவே முன்பு 1.5% செம்பை ஏற்கெனவே கலந்த கம்பி விற்றார்கள்.

முலாம் பிட்டுக்கு ஈர ஸ்பாஞ்ச் அல்லது பித்தளை நார், கூடவே நிறைய ஃப்ளக்ஸ் கம்பி. நவச்சாரக் கட்டியில் தேய்த்தாலும் கறுப்பு விடும்; புகை கண்ணைக் கரிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். வேலை முடிந்து அயர்னை அணைக்கும் முன் பிட்டில் தாராளமாக ஒரு சொட்டு சால்டரை விட்டுவிட்டுப் போங்கள், துடைக்காதீர்கள். காரீயமுள்ள கம்பிக்கு 320 முதல் 350 டிகிரி போதும். ‘சீக்கிரம் முடியும்’ என்று 450ல் வைத்தால் சீக்கிரம் முடிவது பிட்தான்.

தட்டினால் வேலை செய்கிறது, விட்டால் நிற்கிறது

மெக்கானிக்குகள் ‘ட்ரை சால்டர்’ என்று சொல்வது இதைத்தான். பழைய டப்பா டிவியில் ஃப்ளைபேக் (உயர் மின்னழுத்தம் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) காலடியிலும், இன்றைக்கு இன்வெர்ட்டர், யுபிஎஸ் போர்டுகளில் டிரான்ஸ்ஃபார்மர், ரிலே, கனெக்டர் காலடியிலும் வரும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் காலைச் சுற்றி மோதிரம்போல் ஒரு கோடு தெரியும். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், பவர் இல்லாதபோது காலை மெதுவாக அசைத்துப் பாருங்கள். கோடு திறந்து மூடும்.

சூடேறும்போது போர்டு ஓர் அளவு விரிகிறது, உலோகக் கால் வேறு அளவு. நடுவில் இழுபடுவது சால்டர். ஒவ்வொரு முறை ஆன் செய்து அணைக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக அது களைத்து, கடைசியில் விரிகிறது. அதனால் மேலே அயர்னை வைத்துப் பழையதையே உருக்கிவிடுவது பாதி வைத்தியம். பழைய சால்டரை ‘சக்கர்’ என்ற உறிஞ்சு பம்பால் உறிஞ்சி எடுத்து, காலைச் சுரண்டி, புதுக் கம்பியால் போடுங்கள். கனமான பாகம் என்றால் எடையைச் சால்டரின் தலையில் கட்டாமல் பசையோ கிளாம்ப்போ கொடுங்கள். சால்டர் மின்சாரம் கடத்தத்தான், தூக்கிப்பிடிக்க அல்ல.

போர்டில் உள்ள சால்டர் உருகவே இல்லை

2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் பெரும்பாலான மின்னணுச் சாதனங்களில் காரீயத்தை எடையில் 0.1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. உலகமே அந்தப் பக்கம் திரும்பியது. இந்திய மின்கழிவு விதிகளிலும் அதே வரம்பு இருக்கிறது. ஆக, அண்மைக்கால போர்டு எதுவானாலும் காரீயமில்லாதது என்று எண்ணியே தொடங்குங்கள். 183க்குப் பழகிய கை 217க்குத் தடுமாறும், அவ்வளவுதான். பழைய இணைப்பில் கொஞ்சம் 63/37 கம்பியை உருக்கிக் கலந்தால் உருகுநிலை இறங்கும். பிறகு உறிஞ்சினால் எளிதாக வரும். கிரவுண்ட் ட்ராக் அகலமாக இருந்தால் அது சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும்; டிகிரியைக் கூட்டுவதைவிட அகலமான பிட்டைப் போடுவதே பலன் தரும்.

ஒட்டிய எல்ஈடி மறுபடியும் கழன்று விழுகிறது

எல்ஈடி பல்பு ரிப்பேர் செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சில மலிவுத் தட்டுகளில், சூடு தாங்காத பாகங்களுக்காக, 42% வெள்ளீயமும் 58% பிஸ்மத்தும் கலந்த பேஸ்ட் பயன்படுகிறது. அது 138 டிகிரியிலேயே உருகும். அதன்மேல் நீங்கள் வழக்கமான காரீயக் கம்பியை வைத்தால் வெள்ளீயம், காரீயம், பிஸ்மத் மூன்றும் சந்திக்கின்றன. இம்மூன்றின் கலவை சுமார் 96 டிகிரியிலேயே உருகக்கூடியது. கொதிக்கிற தண்ணீரைவிடக் கீழே! மூடிய பல்புக்குள் எல்ஈடி தட்டு அந்தச் சூட்டைத் தொடுவது ஒன்றும் அதிசயமில்லை. மேசையில் நன்றாக எரிந்த பல்பு, ஹோல்டரில் மாட்டிச் சில மணி நேரத்தில் அணைந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

அயர்ன் நுனி தொட்டதுமே, வழக்கத்தைவிட விரைவாகப் பழைய சால்டர் உருகினால் பிஸ்மத் இருக்க வாய்ப்பு அதிகம். விக் (சால்டரை உறிஞ்சும் செம்புப் பின்னல்) வைத்துப் பேடைச் செம்பு தெரியும்வரை சுத்தமாக்கிவிட்டுக் காரீயமில்லாத கம்பியால் போடுங்கள். இங்கே காரீயத்தைக் கலக்கவே கூடாது.

கொம்பு முளைக்கிறது, பக்கத்துக் காலோடு சேர்ந்துவிடுகிறது

பிட்டை எடுக்கும்போது சால்டர் கூராக இழுபட்டால் ஃப்ளக்ஸ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இன்னும் சால்டர் வைக்காதீர்கள், ஃப்ளக்ஸ் வையுங்கள். ஐசி கால்களுக்கு இடையே பாலம் விழுந்தாலும் அதே மருந்துதான்: ஃப்ளக்ஸைத் தடவி, துடைத்த பிட்டைக் கால் நீளத்துக்கு வெளியே இழுத்தால் அதிகப்படி பிட்டோடு வந்துவிடும்.

காரணமே இல்லாமல் ஷார்ட்

அரிது, ஆனால் தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது. சுத்த வெள்ளீய முலாம் பூசிய பரப்பில் தானாகவே மயிரிழைகள் முளைக்கும். தலைமுடியைவிட மெல்லியவை, சில மில்லிமீட்டர்வரை வளர்ந்து அடுத்த காலைத் தொடும். அமெரிக்காவில் 1998ல் கேலக்ஸி 4 என்ற செயற்கைக்கோள் செயலிழந்து கோடிக்கணக்கான பேஜர்கள் ஊமையானதற்கு இப்படிப்பட்ட இழைதான் காரணம் என்று சொல்லப்படுகிறது. வெள்ளீயத்தில் சில சதவீதம் காரீயம் சேர்த்தாலே இந்த வளர்ச்சி பெரிதும் அடங்கிவிடும். விண்வெளி, ராணுவக் கருவிகளில் பலர் இன்னும் காரீயத்தை விடாமல் பிடித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய ரிலேக்களிலும் தகரக் கூடுகளிலும் சந்தேகம் வந்தால் மென்மையான தூரிகையால் துடைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

ரேடியேட்டர், குழாய், பாத்திரம்

இங்கே கணக்கு தலைகீழ். பித்தளை ரேடியேட்டரின் மடிப்பில் அகலமான சந்தை அடைக்க 63/37 போட்டால் அது தண்ணீராக ஓடி வழிந்துவிடும். அகன்ற கூழ் நிலை உள்ள, காரீயம் மிகுந்த கலவையே வேண்டும்: 40/60, 30/70. பழைய காலக் காரீயக் குழாய்க்காரர்கள் இணைப்பைத் துணியால் தடவித் தடவி உருண்டையாக்கியது இந்தக் கூழ் நிலையில்தான். எலக்ட்ரானிக்ஸில் வில்லனாக இருந்தது இங்கே கூட்டாளி.

ஆனால் குடிக்கும் தண்ணீர், உண்ணும் உணவு எதுவும் தொடும் இடத்தில் காரீயம் கூடவே கூடாது. அமெரிக்கா 1986லேயே குடிநீர்க் குழாய்ச் சால்டரில் காரீயத்தை 0.2 சதவீதத்துக்குள் கொண்டுவந்தது. 97% வெள்ளீயமும் 3% செம்பும் கலந்த கம்பி அதற்குப் போதும்.

நம் வீட்டு ஈயச்சொம்பு சுத்த வெள்ளீயமாக இருக்க வேண்டியது. ரசம் கொதிக்கும்வரை உள்ளே இருக்கும் தண்ணீர் சூட்டை 100 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கும். அதனால் சொம்பு பிழைக்கிறது. ரசம் வற்றினாலோ, காலிச் சொம்பை அடுப்பில் மறந்தாலோ 232 டிகிரி ஒரு தூரமே இல்லை, அடி குளம் கட்டிவிடும். அதில் ஓட்டை விழுந்தால் சால்டர் கம்பியால் அடைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். புளிப்பான ரசத்தில் காரீயம் கரைந்து இறங்கும். சுவையில் தெரியவும் தெரியாது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருபவரிடமும் கட்டி என்ன என்று கேளுங்கள். சுத்த வெள்ளீயக் குச்சியைக் காதருகே வைத்து வளைத்தால் நறநறவென்று ஒலி கேட்கும். காரீயம் கலந்தது சத்தமில்லாமல் வளையும், வெள்ளைத் தாளில் இழுத்தால் பென்சில்போல் சாம்பல் கோடு போடும். இரண்டும் வீட்டுச் சோதனைதான். கோடு விழுந்தால் வேண்டாம் என்று சொல்லப் போதும், விழாததால் சுத்தம் என்று சத்தியம் செய்யப் போதாது.

சால்டர் செய்தால் இருமல், தலைவலி

அந்தப் புகை காரீயம் இல்லை, பிசின். காரீயம் கொதிப்பது 1,749 டிகிரியில். நம் அயர்ன் சூட்டில் ஆவியாக வருவது ஒன்றுமில்லாத அளவு. ஆனால் பிசின் புகையை நாள்தோறும் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். புகையை முகத்திலிருந்து விலக்கி இழுக்க ஒரு சின்ன ஃபேன் வையுங்கள், ஊதுவதற்கு இல்லை.

காரீயம் உடம்புக்குள் போவது கை வழியாக. கம்பியைப் பல்லில் கடித்துப் பிடிக்கிற பழக்கம், சால்டர் செய்த கையோடு டீ டம்ளரை எடுக்கிற பழக்கம் இரண்டையும் விடுங்கள். உருகிய சால்டர் வைத்திருக்கும் தொட்டியின் மேல் படரும் சாம்பல் ஏடுதான் எல்லாவற்றிலும் மோசம். அது பொடியாகிப் பறக்கும். மேசையில் சிந்திய பொடியை ஈரத்துணியால் துடைத்து (சூடான தொட்டியை அல்ல), மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, பழைய உலோகம் எடுப்பவரிடம் ‘காரீயம் இருக்கிறது’ என்று சொல்லியே கொடுங்கள்.